அந்த யூனிட்டைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள்: பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆங்கிலத் துறைப் பாடத்திட்டக் குழுத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

எம்.ஏ. ஆங்கிலம் இரண்டாம் ஆண்டு விருப்பப் பாடத்தில் நான்காவது யூனிட்டாக இருந்த ‘விக்டோரியா காலப் பெண்கள்: கடிதங்களும் நாட்குறிப்புகளும்’ என்ற பகுதியை வரும் கல்வியாண்டிலிருந்து எடுத்துவிடுவதாகச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறீர்கள். அந்த யூனிட்டை வகுப்பில் நடத்திவந்தவள் நான். எடுப்பதற்கு முன் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. படித்த மாணவிகளையும் கேட்கவில்லை. துறையில் வாய்மொழியாகச் சொல்லிப் பார்த்தேன். “முடிவு எடுத்தாச்சு மேடம், விடுங்க” என்றார்கள். விட முடியாததால் எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன்.

சுற்றறிக்கையில் மூன்று காரணங்கள் இருக்கின்றன. அந்தக் காலப் பெண்களின் தூய நட்புக்கு இந்தப் பகுதி இந்தக் காலச் சாயம் பூசுகிறது என்பது ஒன்று. மாணவிகளின் மனத்தில் வேண்டாத எண்ணங்களை விதைக்கும் என்பது இன்னொன்று. விக்டோரியா கால ஒழுக்கத்தை இது பிரதிபலிக்கவில்லை என்பது மூன்றாவது. இதில் முதல் காரணத்தை மட்டும் நான் மதிக்கிறேன், அதற்குப் பிறகு வருகிறேன். மற்ற இரண்டும் அந்தக் காகிதங்களைப் புரட்டிப் பார்க்காதவர்கள் எழுதியவை என்று சொல்வதற்கு மன்னிக்க வேண்டும்.

அந்த யூனிட்டில் என்னதான் இருந்தது என்று சொல்கிறேன். பெரும்பகுதி நாவலாசிரியை சார்லட் பிராண்ட்டே தன் தோழி எல்லன் நஸ்ஸிக்கு எழுதிய கடிதங்கள். 1831 ஜனவரியில் யார்க்‌ஷரில் ரோ ஹெட் என்ற பள்ளியில் இருவரும் சந்தித்தபோது சார்லட்டுக்கு வயது 14. அன்றிலிருந்து 1855-ல் சார்லட் இறக்கும்வரை அந்த உறவு நீண்டது. சார்லட் எழுதியதில் 350-க்கும் மேற்பட்ட கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. 1836-ல், இருபது வயதில், அதே பள்ளியில் ஆசிரியையாகப் பாடம் நடத்திக்கொண்டிருந்த சார்லட் இப்படி எழுதுகிறார்: எல்லன், உன்னோடு எப்போதும் சேர்ந்து வாழ முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். நமக்கென்று ஒரு சின்ன வீடும், பிழைப்புக்குப் போதுமான வருமானமும் இருந்தால், சந்தோஷத்துக்காக மூன்றாவது ஆள் ஒருவரையும் எதிர்பார்க்காமல் சாகும்வரை அன்போடு வாழ்ந்துவிடலாம்.

மூன்று வருடம் கழித்து எல்லனின் அண்ணன் ஹென்றி, ஒரு பாதிரியார், சார்லட்டைப் பெண் கேட்கிறார். சார்லட் மறுத்துவிடுகிறார். அதைப் பற்றி எல்லனுக்கு எழுதும்போது ஒன்றை மறைக்காமல் சொல்கிறார்: இவரைக் கட்டிக்கொண்டால் நீ என்னோடு வந்து இருக்கலாமே, நான் எவ்வளவு சந்தோஷமாக இருப்பேன் என்ற ஆசை வந்தது உண்மை. அப்புறம், ஒரு மனைவி கணவனை நேசிக்க வேண்டிய அளவுக்கு நான் இவரை நேசிக்கிறேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன், இல்லை.

இந்த இரண்டு கடிதங்களையும் சேர்த்து வைத்துப் படித்தால்தான் ‘ஜேன் ஐர்’ எழுதிய கை எதற்கெல்லாம் ஏங்கியது என்று பிடிபடும். அந்த நாவல் இரண்டாவது யூனிட்டில் அப்படியே இருக்கிறது. அதை எழுதியவளின் மனம் மட்டும் வெளியே போய்விட்டது.

சரி, மாணவிகளின் மனத்தில் இது எதை விதைத்தது? வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். 1840-ல், எவ்வளவு தூரமானாலும் ஒரு பென்னிதான் என்ற பென்னி தபால் வரும்வரை பிரிட்டனில் தபால் கட்டணம் தூரத்தையும் தாள்களின் எண்ணிக்கையையும் பொறுத்தது, பெரும்பாலும் வாங்குபவர்தான் காசு கட்ட வேண்டும். அதனால் ஒரு தாளை நிரப்பியதும் அதையே பக்கவாட்டில் திருப்பி, எழுதிய வரிகளுக்குக் குறுக்கே மறுபடி எழுதுவார்கள். அப்படிப்பட்ட ஒரு கடிதத்தின் நகலை வகுப்பில் கொடுத்தேன். முதலில் கம்பி வலை போலத்தான் தெரியும். பெஞ்சில் தாளைச் சுழற்றிச் சுழற்றி, விரலை ஒரு வரியில் வைத்து அடுத்த வரியை மறைத்து, எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். “இவ்ளோ கஷ்டப்பட்டு எழுதியிருக்காங்களே மேடம்” என்றாள் ஒருத்தி. “அதை இவ்ளோ கஷ்டப்பட்டுப் படிச்சிருக்காங்களே” என்றாள் பக்கத்தில் இருந்தவள். அந்த நட்பின் கனம் அவர்களுக்கு அங்கேயே புரிந்துவிட்டது.

பிறகு அவர்கள் கேட்டது பணத்தைப் பற்றி. அந்தச் சின்ன வீட்டை ஏன் இவர்களால் எடுக்க முடியவில்லை? 1841-ல் சார்லட் கவர்னஸ் வேலைக்கு, அதாவது வீட்டோடு தங்கிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் வேலைக்கு, போன வீட்டில் ஆண்டுச் சம்பளம் 20 பவுண்டு. அதிலும் துணி துவைக்கும் கூலி என்று 4 பவுண்டு பிடித்துக்கொண்டார்கள். மிச்சம் 16 பவுண்டு. முதல் பட்டதாரியாகப் படிக்க வந்த பெண்களுக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியிருக்கவில்லை. தனியார் பள்ளியில் டீச்சர் வேலைக்குப் போன அக்காக்களின் சம்பளத்தைப் பற்றி அவர்களே பேச ஆரம்பித்தார்கள்.

1854 ஜூனில் சார்லட்டுக்கு ஆர்தர் பெல் நிக்கல்ஸ் என்பவருடன் திருமணம் ஆகிறது. எல்லன்தான் மணப்பெண் தோழி. அந்த அக்டோபரில் சார்லட் எழுதும் கடிதங்களைப் படிக்கும்போது வகுப்பு அமைதியாகிவிடும். சார்லட் எழுதிக்கொண்டிருக்கும் கடிதத்தைக் கணவர் எடுத்துப் பார்த்திருக்கிறார். மனம் திறந்து இவ்வளவு எழுதுவது சரியில்லை, இந்த மாதிரிக் கடிதங்கள் தீக்குச்சி போல ஆபத்தானவை, படித்ததும் எல்லன் எரித்துவிட வேண்டும், எழுத்தில் உறுதி தரவில்லை என்றால் இனிமேல் எல்லாக் கடிதத்தையும் தான் பார்த்துத்தான் அனுப்புவேன் என்கிறார். சார்லட் இதை ஒரு வேடிக்கை போலத்தான் எழுதுகிறார். எல்லன் உறுதி எழுதிக் கொடுக்கிறார், ஆனால் ஒரு நிபந்தனையோடு: நீங்கள் கடிதங்களில் கை வைக்காவிட்டால் நான் எரிக்கிறேன்.

எல்லன் எரிக்கவில்லை. மறுவருடம் மார்ச் 31-ல் சார்லட் இறந்துபோகிறார். 1857-ல் எலிசபெத் கேஸ்கெல் எழுதிய வாழ்க்கை வரலாறு எல்லன் பத்திரப்படுத்திய அந்தக் கடிதங்களின் மேல்தான் நிற்கிறது. எல்லன் சார்லட்டுக்கு எழுதியவை நமக்குக் கிடைக்கவில்லை. ஒரு குரல் மட்டும்தான் கேட்கிறது.

இதைப் படித்த அன்று, கடைசி பெஞ்சில் அதிகம் பேசாத ஒரு மாணவி எழுந்து, “எங்க அக்கா போனை மாமா இப்படித்தான் மேடம் பார்ப்பார். அக்கா அவங்க ஃப்ரெண்டுகிட்ட பேசறதையே விட்டுட்டாங்க” என்றாள். நீங்கள் ‘வேண்டாத எண்ணம்’ என்று குறிப்பிட்டது இதைத்தான் என்றால், அந்தப் பெண்ணின் மனத்தில் அதை நான் விதைக்கவில்லை. அவள் வீட்டிலிருந்து கொண்டுவந்தாள். தன் அக்காவுக்கு நேர்ந்ததைப் பற்றிப் பேச, 1854-ல் எழுதப்பட்ட ஒரு கடிதம் அவளுக்கு இடம் கொடுத்தது. இலக்கிய வகுப்பு வேறு எதற்காக இருக்கிறது?

மூன்றாவது காரணத்துக்கு வருகிறேன். விக்டோரியா கால ஒழுக்கத்தை இந்தப் பகுதி பிரதிபலிக்கவில்லையாம். அப்படியானால் ஃபிரான்ஸஸ் பவர் காப் என்ற பெண்மணியை எங்கே வைப்பீர்கள்? அயர்லாந்தில் பிறந்தவர், தெய்வ நம்பிக்கை மிகுந்தவர், தன் காலத்தின் பெரிய பத்திரிகைகளில் எழுதியவர். மேரி லாய்ட் என்ற சிற்பியை ரோமில் சந்தித்தார். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இருவரும் ஒரே வீட்டில், முதலில் லண்டனில், பிறகு வேல்ஸில், தம்பதிபோல் வாழ்ந்தார்கள். யாருக்கும் தெரியாமல் வாழவில்லை. அன்றைய எழுத்தாளர்களும் சீர்திருத்தக்காரர்களும் அந்த வீட்டுக்கு விருந்துக்கு வந்து போனார்கள். 1896-ல் மேரி இறந்தார், 1904-ல் காப். வேல்ஸில் லானெல்டிட் என்ற சிற்றூரின் தேவாலய வளாகத்தில் இருவரும் ஒரே கல்லறையில் இருக்கிறார்கள்.

இந்த காப்தான், மனைவியை அடித்து உதைக்கும் கணவர்களைப் பற்றி 1878-ல் எழுதிய கட்டுரையாலும் அதைத் தொடர்ந்து எடுத்த முயற்சியாலும், அதே ஆண்டில் ஒரு சட்டம் வரக் காரணமாக இருந்தவர். கடுமையாகத் தாக்கியதற்காகக் கணவன் தண்டிக்கப்பட்டால், மனைவி தனியே வாழவும், ஜீவனாம்சம் பெறவும், பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளைத் தன்னிடம் வைத்துக்கொள்ளவும் மாஜிஸ்திரேட்டே உத்தரவிடலாம் என்றது அந்தச் சட்டம். அதற்கு முன் ஏழைப் பெண்ணுக்கு அந்த வழி கிடையாது. திருமணத்துக்கு வெளியே, இன்னொரு பெண்ணோடு, தன் சம்பாத்தியத்தில் நிம்மதியாக வாழ்ந்த ஒருத்திக்குத்தான் திருமணத்துக்குள் அடிபடும் பெண்ணின் நிலைமை அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது என்று எனக்குத் தோன்றும். இது என் அபிப்பிராயம். ஆனால் அதற்குச் சட்டப் பின்னணியும் இருக்கிறது. 1870-லும் 1882-லும் சொத்துச் சட்டங்கள் வரும்வரை இங்கிலாந்தில் மணமான பெண்ணின் கூலிகூடக் கணவனுக்கே சொந்தம். சேர்ந்து வாழ்ந்த இரண்டு பெண்களுக்கோ அவரவர் பணம் அவரவர் கையில்.

இன்னும் மேலே போக வேண்டுமா? இங்கிலாந்துத் திருச்சபையின் தலைமைப் பதவியான கேண்டர்பரி பேராயராக இருந்த எட்வர்டு பென்சன் 1896-ல் மறைந்த பிறகு, அவர் மனைவி மேரி தன் எஞ்சிய வாழ்நாளை லூசி டெய்ட் என்ற தோழியோடுதான் கழித்தார். லூசி யார் என்றால், பென்சனுக்கு முன் அதே பதவியில் இருந்த பேராயரின் மகள். ஒழுக்கம் என்று எதை அந்தக் காலத்தார் சொன்னார்களோ அதன் நடுவீட்டுக்குள்ளேயே இந்த உறவுகள் இருந்தன. அவற்றை அவர்கள் மூடி வைக்கவில்லை, நாம் மூடுகிறோம்.

பெண்கள் உயர்கல்வியின் கதையிலும் இது உண்டு. 1882-ல் லண்டனில் வெஸ்ட்ஃபீல்டு கல்லூரியைத் தொடங்கிய கான்ஸ்டன்ஸ் மேனார்டு, சக பெண்கள்மீது தனக்கு வந்த காதலையும், அதற்கும் தன் பக்திக்கும் நடந்த போராட்டத்தையும் நாட்குறிப்புகளில் எழுதி வைத்துவிட்டுப் போனார். அந்தக் கல்லூரியில் பாடம் நடத்திய எலினார் மெக்டூகல்தான் 1915-ல் மதராஸில் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரி தொடங்கப்பட்டபோது அதன் முதல் முதல்வராக வந்தவர். பெண்களால் பெண்களுக்காக நடத்தப்படும் கல்லூரி என்ற எண்ணமே இப்படிப்பட்ட வீடுகளிலும் விடுதிகளிலும் வளர்ந்து, கப்பலேறி நம் ஊருக்கு வந்தது.

இனி நான் மதிக்கும் அந்த முதல் காரணம். இந்தக் காலக் கண்ணால் அந்தக் காலத்தைப் பார்ப்பது தவறு என்கிறீர்கள். நியாயமான எச்சரிக்கைதான். தோழிகள் ஒருவருக்கொருவர் முடிக்கற்றையை வெட்டிக் கொடுத்துக்கொள்வதும், விருந்துக்குப் போன வீட்டில் ஒரே கட்டிலில் படுப்பதும், ‘கண்ணே’ என்று கடிதம் தொடங்குவதும் அன்று சாதாரணம். தாய்மார்களே அதை நல்ல பழக்கம் என்று ஊக்குவித்தார்கள். ஆகவே சார்லட்டும் எல்லனும் காதலர்கள் என்று நான் ஒருநாளும் வகுப்பில் சொன்னதில்லை. எனக்கு அது தெரியாது, யாருக்கும் தெரியாது. ஆனால் ‘வெறும் நட்பு’ என்று அடித்துச் சொல்வதும் அதே அளவு தெரியாத ஒன்றைச் சொல்வதுதான்.

யார்க்‌ஷரின் ஹாலிஃபாக்ஸில் ஷிப்டன் ஹால் எஸ்டேட்டின் சொந்தக்காரியான ஆன் லிஸ்டர் விஷயத்தில் அந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை. 1840-ல், விக்டோரியா பட்டத்துக்கு வந்த மூன்றாவது வருடம், இறந்தவர். அவருடைய நாட்குறிப்புகள் ஏறத்தாழ 50 லட்சம் சொற்கள். அதில் ஆறில் ஒரு பங்கை, பெண்களோடு தனக்கிருந்த உடலுறவு உட்பட, கிரேக்க எழுத்தும் கணிதக் குறிகளும் கலந்த ரகசிய எழுத்தில் எழுதினார். 1834 ஈஸ்டர் அன்று யார்க் நகர தேவாலயம் ஒன்றில் ஆன் வாக்கர் என்ற பெண்ணோடு சேர்ந்து நற்கருணை வாங்கியதைத் தங்கள் திருமணமாகவே கருதினார். இருவரும் ஒருவருக்கொருவர் எஸ்டேட்டின் வாழ்நாள் உரிமையை உயிலிலும் எழுதி வைத்தார்கள். 1890-களில் அவர் உறவினர் வழியில் வந்த ஜான் லிஸ்டரும் நண்பர் ஆர்தர் பர்ரெலும் அந்த எழுத்தை உடைத்துப் படித்தார்கள். எரித்துவிடச் சொன்னார் நண்பர். ஜான் லிஸ்டருக்கு மனம் வரவில்லை. வீட்டின் மரப்பலகைச் சுவருக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். 2011-ல் அதே நாட்குறிப்புகள் யுனெஸ்கோவின் பிரிட்டன் நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன.

அந்தக் காலத்தாருக்கு இதெல்லாம் தோன்றியே இருக்காது என்றும் சொல்ல முடியாது. 1864-ல் கடற்படைத் தளபதி காட்ரிங்டன் தன் மனைவி ஹெலன்மீது போட்ட விவாகரத்து வழக்கில், ஹெலனின் தோழி எமிலி ஃபெய்த்ஃபுல் அவருடைய படுக்கையில் தூங்கியது நீதிமன்றத்தில் பேசப்பட்டது. எமிலியை ஏன் வீட்டைவிட்டு அனுப்பினார்கள் என்று எழுதி முத்திரையிட்ட ஓர் உறையைப் பற்றியும் பேச்சு வந்தது. அதில் இருந்தது வெளியே வரவில்லை. எமிலி சாதாரணப் பெண் இல்லை. பெண்களையே அச்சுக் கோக்க வைத்து 1860-ல் விக்டோரியா பிரஸ்ஸைத் தொடங்கி, அரசியின் அங்கீகாரத்தையும் பெற்றவர். அந்த ஒரு வழக்கில் அவர் பெயர் கெட்டது. ஊர் எதைச் சந்தேகித்தது, எதைச் சொல்லத் தயங்கியது என்பதைக் காட்ட இதைவிட நல்ல ஆவணம் கிடைக்காது.

ஆக, ஒரே யூனிட்டுக்குள் நட்பு எங்கே முடிகிறது, காதல் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத கடிதம் ஒன்று, ஐயத்துக்கு இடமில்லாத நாட்குறிப்பு ஒன்று, ஊரறிய வாழ்ந்த வாழ்க்கை ஒன்று, வழக்குமன்றம் ஏறிய வாழ்க்கை ஒன்று. சாயம் பூசக் கூடாது என்ற பாடத்தைச் சொல்லிக்கொடுக்கவே இந்த நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். சாயம் பூசுவார்களோ என்று பயந்து துணியையே எடுத்துப் போய்விட்டீர்கள்.

உங்கள் இரண்டாவது காரணத்தைப் படித்தபோது எனக்கு 1921 நினைவுக்கு வந்தது. பெண்களுக்கிடையேயான உறவையும் குற்றமாக்க வேண்டும் என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் கீழவையில் அந்த ஆண்டு ஒரு திருத்தம் நிறைவேறியது. பிரபுக்கள் சபை அதைத் தள்ளிவிட்டது. பரிவால் இல்லை. சட்டம் போட்டால் இப்படி ஒன்று இருப்பதே தெரியாத பெண்களுக்கும் தெரிந்துவிடும் என்பது அங்கே சொல்லப்பட்ட வாதம். நூறு வருடம் கழித்து, பெண்கள் முதுகலை படிக்கும் ஒரு கல்லூரியின் சுற்றறிக்கையில் அதே வாதத்தைப் பார்க்கிறேன். எம்.ஏ. படிக்கும் பெண்களுக்கு 21, 22 வயது. ஓட்டுப் போடுகிறார்கள், சிலர் திருமணமாகிக் கைக்குழந்தையோடு படிக்கிறார்கள். அவர்களுக்குத் தெரியக் கூடாது என்று எதை மறைக்கிறோம்?

நம் மாநிலத்தில் நிலைமை என்ன என்பதும் உங்களுக்குத் தெரியும். பிரிட்டிஷார் 1860-ல் எழுதிக் கொடுத்த, தன்பாலின உறவைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவை, வயது வந்தவர்கள் மனமொத்து வாழ்வதற்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6-ல் ஒதுக்கியது. 2021-ல் மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கேட்ட இரண்டு பெண்களின் வழக்கில், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தானே முன்வந்து உளவியல் ஆலோசனையில் உட்கார்ந்து, விஷயத்தைக் கற்றுக்கொண்டு, பிறகு தீர்ப்பு எழுதினார். கல்வி நிறுவனங்களில் விழிப்புணர்வு வேண்டும் என்பதும் அந்த உத்தரவில் இருக்கிறது. ஒரு நீதிபதி, நான் கற்றுக்கொள்ள வேண்டும் என்று சொன்ன விஷயத்தை, ஒரு கல்லூரி கற்பிக்க வேண்டாம் என்கிறது. இந்தத் தீர்மானத்தில் கையெழுத்திட்டவர்களில் சிலர் எனக்கே பாடம் சொல்லிக்கொடுத்தவர்கள் என்பதால் இதை எழுதும்போது எனக்கு வலிக்கிறது.

என் கோரிக்கைகள் இவை.

நான்காவது யூனிட்டை நீக்கும் தீர்மானத்தை நிறுத்தி வையுங்கள். அடுத்த பாடத்திட்டக் குழுக் கூட்டத்தில் அதை மீண்டும் எடுத்து, இந்தப் பாடத்தை நடத்திய ஆசிரியர்களையும், படித்து முடித்த மாணவிகளில் இருவரையாவது அழைத்துக் கேளுங்கள். கூட்டத்துக்கு வரும் உறுப்பினர்கள் மேலே சொன்ன சார்லட்டின் 1836, 1839, 1854 கடிதங்களையாவது படித்துவிட்டு வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எல்லாம் சேர்த்து ஒரு மாலை நேர வாசிப்புதான்.

ஆன் லிஸ்டரின் நாட்குறிப்பில் சில பத்திகள் வகுப்புக்கு அதிகம் என்று நினைத்தால், எந்தப் பத்தி என்று குறிப்பிட்டுச் சொல்லுங்கள், உட்கார்ந்து பேசலாம். அதற்காக காப்பையும் எமிலியையும் எல்லனையும் சேர்த்து வெளியேற்றாதீர்கள்.

நீக்கியதற்கான பரிந்துரை யாரிடமிருந்து வந்தது, எந்தத் தேதிக் கூட்டத்தில் பேசப்பட்டது, யாராவது மாற்றுக் கருத்து சொன்னார்களா என்பதைக் கூட்டக் குறிப்போடு துறை அறிவிப்புப் பலகையில் போடுங்கள்.

துறை நூலகத்தில் இந்த யூனிட்டுக்காக வைத்திருந்த நகல்கள் அடங்கிய கோப்பு சுற்றறிக்கை வந்த வாரத்திலேயே அலமாரியிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. தீர்மானம் பாடத்திட்டத்தைப் பற்றியது, நூலகத்தைப் பற்றியது இல்லை. அதை உடனே அதே அலமாரியில் வைக்கச் சொல்லுங்கள். இப்போது இறுதி செமஸ்டரில் இருக்கும் மாணவிகளில் மூன்று பேர் இந்தக் கடிதங்களை வைத்துத்தான் தங்கள் ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருக்கிறார்கள். தலைப்பை மாற்றச் சொல்லி அவர்களை யாரும் நெருக்கக் கூடாது என்று துறைக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.

இந்த மடலுக்கான பதிலையும் எழுத்தில் தாருங்கள்.

இப்படிக்கு,
விருப்பப் பாடத்தின் ஆசிரியை